விடுதி மெத்தையும் மூச்சிரைப்பும்

நம் கல்லூரி விடுதிகளில் ஆண்டுதோறும் ஒரு சொத்துக் கைமாறி வருகின்றது. படிப்பு முடிந்து செல்லும் மாணவர் தம் இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும், புதிதாய் வருவோர்க்குச் சிறுவிலைக்கோ அன்பளிப்பாகவோ விட்டுச் செல்கின்றனர். அம்மெத்தை அவர்க்கும் முன்னிருந்தாரிடமிருந்து வந்ததே. அதன் வயது யாதென எவரும் அறியார். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டு நோயுற்றுக் கிடந்தவன், குணமடைந்ததும் தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு போனான். நம்மவர்க்கோ அம்மனம் வருவதில்லை. இவ்வழக்கத்தைச் சிக்கனம் எனப் பாராட்டுவார் உளர். யான் இதனை ஒழிக்கத்தக்கது என்பேன். அழுக்கின்மேல் உள்ள அருவருப்பால் இங்ஙனம் கூறினேன் அல்லேன். உடன் பயில்வார் சிலருடைய மூச்சை நினைந்தே கூறுகின்றேன்.

பின்னிரவில் மூன்று மணியளவில் விழித்தெழுந்து, கட்டில் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, மூச்சுக்கு ஏங்கும் தோழரை விடுதியில் வாழ்ந்தோர் கண்டிருப்பர். விடிந்ததும் அவர்க்குக் கிடைக்கும் அறிவுரைகளுக்கோ அளவில்லை. தயிரை விலக்குக என்பார் ஒருவர். வாழைப்பழம் ஆகாது என்பார் மற்றொருவர். தலைக்குக் குளித்ததே காரணம் என்பார் பிறிதொருவர். எல்லாருமாகச் சேர்ந்து சன்னலைச் சாத்திவிடுவர். இரவெல்லாம் அவர் முகம் புதைத்துக் கிடந்த தலையணையைப் பற்றி வினவுவார் மட்டும் ஒருவரும் இலர்.

உடலுக்குத் தீங்கற்ற பொருளையும் பகையென்று கருதி உடல் போர் தொடுக்கும் இயல்பினை, ‘அலர்ஜி’ என்னும் பெயரால் 1906ஆம் ஆண்டில் குறித்தவர் வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே என்பார். தமிழில் நாம் அதனை ஒவ்வாமை என்கின்றோம். வீட்டுத் தூசி பலர்க்கு ஒவ்வாது என்பது அக்காலத்தே தெரிந்திருந்தும், தூசியில் உள்ள எப்பொருள் அத்தீங்கினைச் செய்கின்றது என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1964ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆராய்ச்சியாளர், தூசியுண்ணி என்னும் நுண்ணுயிரே அதற்குத் தலைமையான காரணம் எனக் காட்டினர். மூன்று உண்ணிகள் வரிசையாய் நின்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் ஆகும். மூட்டைப்பூச்சியைப்போல் இது கடிப்பதன்று. கடித்திருந்தால் நாமும் என்றோ விழித்துக்கொண்டிருப்போம்! நம் உடலினின்று உதிரும் தோற்செதிள்களை உண்டு, மெத்தைக்குள்ளே வாழ்ந்து பெருகுகின்றது. அதன் எச்சத்தில் உள்ள புரதம், நாம் புரண்டு படுக்குந்தோறும் தூசியோடு எழுந்து மூக்கினுள் புகுகின்றது.

இவ்வுயிர் நீர் பருகுவதில்லை; காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கின்றது. ஈரப்பதம் நூற்றுக்கு 50க்குக் கீழ் நெடுநாள் நின்றால் உலர்ந்து மடியும். கடல்மட்டத்திற்கு 1,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த தாவோஸ் போன்ற ஆல்ப்சு மலையூர்களில் உண்ணிகள் மிகச் சிலவாதற்கு அங்குள்ள உலர்ந்த காற்றே காரணம். நம் கடற்கரை ஊர்களின் காற்றோ ஆண்டின் பெரும்பகுதியும் இதற்கு ஏற்ற விருந்து. அதன்மேல் நம் வியர்வையும் மெத்தையில் ஊறுகின்றது. சன்னலைச் சாத்துவோர் அறையின் ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடுகின்றனர்.

இதற்குச் செய்யத்தக்கன அரியவை அல்ல. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்தல் வேண்டும். தண்ணீரில் துவைத்தால் எச்சம் பெரும்பாலும் கழுவப்படும். உண்ணிகளுள் பல பிழைத்துக்கொள்ளும். கடும் வெயில் உண்ணியைக் கொல்லும்; எனினும் எச்சம் அழியாதாதலின், உலர்த்தியபின் வெளியிலே தட்டி உதறுதல் வேண்டும். அதனை நோயுற்றவரே செய்தல் ஆகாது. மின்விசிறியின் இறக்கைகளையும் கட்டிலின் அடியையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பம் தூசியை இடம் மாற்றுமேயன்றி நீக்காது.

நெருங்க நெய்த உறையினுள் மெத்தையை முழுதும் அடைத்துவிடுதலும் ஒரு முறை. அதனால் பயன் உண்டோ என்று ஐயுறுவார் கூற்றையும் புறக்கணித்தல் தகாது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த இங்கிலாந்து நாட்டு ஆய்வொன்றில், ஆயிரத்துக்கு மேற்பட்ட வளர்ந்தோர்க்கு அவ்வுறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது நலம் ஒன்றும் புலப்படவில்லை. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்விலோ, உண்ணி ஒவ்வாத சிறுவருள் உறையிட்ட மெத்தையில் துயின்றவர் கடும் இழுப்பினால் மருத்துவமனைக்கு விரைந்தது குறைந்திருந்தது. ஆதலின் உறையொன்றையே நம்பியிருத்தல் கூடாது என்பதே என் துணிபு. மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்துதலும் கூடாது. இழுப்பு எல்லாம் உண்ணியால் வருவதன்று. அறையில் தின்பண்டம் வைத்துக் கரப்பான் பூச்சியை வளர்ப்போரும், கதவடைத்துக் கொசுவர்த்தி ஏற்றுவோரும் தம் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கின்றனர்.

மெத்தையே வேண்டுமோ என்பது என் அடுத்த வினா. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு அன்னத்தின் தூவி வேண்டியிருந்தது; தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு அத்துணைச் செல்வம் வேண்டா. கோரைப்பாயில் உண்ணி ஒளிந்து பெருகுதற்கு மெத்தையினுள் உள்ளதுபோன்ற ஆழம் இல்லை. அதன்மேல் விரிக்கும் சமக்காளத்தை ஒருவரே துவைத்து உலர்த்தலாம். பாயில் துயில்வது ஏழைமையின் அடையாளம் என்னும் நாணம் நம் விடுதிகளில் எங்ஙனமோ புகுந்துவிட்டது. மூச்சுத் திணறுவோனும் அந்நாணத்தினாலேயே பழைய மெத்தையை விலை கொடுத்து வாங்குகின்றான்.

விடுதித் தலைவர்க்கு என் விண்ணப்பம் இரண்டு. பழைய மெத்தையும் தலையணையும் இனிக் கைமாறாதபடி விதி செய்தருள்க. வாங்க இயலாதார்க்கு விடுதி நிதியினின்று புதுப்பாயும், தலையணையும், நெருங்க நெய்த உறையும் அளித்தருள்க. இஃது ஒன்று. சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை மொட்டைமாடிக் கதவைத் திறந்துவைக்கச் செய்தருள்க என்பது மற்றொன்று. மாணவர் மேலேறிக் கைப்பேசியில் பேசி நிற்பர் என்றே அக்கதவு பூட்டப்பட்டுள்ளது. தலையில் மெத்தை சுமந்து ஏறுவோன் அதனை விரித்துவிட்டு, உச்சிவெயிலில் அங்கே நின்று நெடுநேரம் பேசான்.