கழிவுநீருக்கு வழி எங்கே?

கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இடையே ஒடுங்கிய மணல் நிலம். அந்நிலத்திலே காத்தான்குடியில் மட்டும் ஏறத்தாழ 40,000 மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவில் அருகருகே அமைந்தால் விளைவு யாது? குழியின் கழிவு நைத்திரேற்றாக மாறி, மணலூடு ஊறிக் கிணற்றையும் வாவியையும் சேரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அது மிஞ்சினால் முதலில் வருந்துவன பச்சிளங் குழந்தைகளே.

“உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகின்றதே, இனிக் கவலை ஏன்?” என்பர் சிலர். குழாயில் வந்த நீர் எங்கே போகிறது? அதுவும் கழிவுநீராகி அதே மணலிலேதான் இறங்குகிறது. நீரைக் கொண்டுவந்தவர்கள் கழிவை அகற்றும் வழியையும் அமைத்தல் கடமையன்றோ?

வழி இல்லாமல் இல்லை. உழவர் அதனை நன்கறிவர். நீர் நிற்கும் வயலுக்கு அவர்கள் யூரியா இடுவரேயன்றி நைத்திரேற்று உரம் இடார். காற்றுப் புகாத சேற்றில் வாழும் பற்றீரியா நைத்திரேற்றின் ஒட்சிசனைச் சுவாசித்து, நைதரசனை வாயுவாக்கி வானுக்கு அனுப்பிவிடும் என்பதே காரணம். வயலில் நட்டமாவது கழிவுநீரில் இலாபம்!

கந்தகத்துக்கும் மருந்து உண்டு. உவர்நீரின் சல்பேற்று, காற்றற்ற கழிவிலே சல்பைட்டாகி, அழுகிய முட்டை நாற்றம் வீசி, மீனையும் கொல்லும். ஆயின் வேறொரு பற்றீரியா, சல்பைட்டை உணவாகவும் நைத்திரேற்றை மூச்சாகவும் கொண்டு இரு நஞ்சையும் ஒருங்கே தீர்க்கும். 1950களிலிருந்து மலசலகூடங்களுக்குக் கடல்நீர் வழங்கும் ஹொங்கொங்கில் ஆய்வாளர் இம்முறையைச் சோதித்துப் பயன் கண்டனர். ஒல்லாந்தின் றொட்டர்டாமிலோ, அமோனியாவைக் காற்றின்றியே நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியாவைக் கொண்ட முதற் பெருநிலையம் 2002இல் இயங்கத் தொடங்கியது.

இவ்வுயிர்கள் கூலி கேளா. ஆனால் குடியிருக்கத் தொட்டி கேட்கும். திறந்த குழியில் விட்ட கழிவு அவற்றின் கைக்கு எட்டாது. ஆகவே, கசியாத தொட்டிகளிற் கழிவைச் சேர்த்து, ஒரு நிலையத்துக்குக் கொண்டு சென்று சுத்திகரிக்கும் திட்டத்தை நகரசபையும் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் ஒன்றுபட்டு வகுத்தல் வேண்டும். கழிவுக் குழாய் மண்ணுக்குள் மறைவது; திறப்புவிழாக் கல்லுக்கு அங்கே இடமில்லை. அதனாற்றான் வாக்குக் கேட்டு வருவோர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை போலும்!

வாவி நீருக்குத் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் தெரியாது. அதனை நம்பி வாழும் மீனவரும் உழவரும் படித்தோரும் ஒரே குரலிற் கேட்டால், மறுக்கும் துணிவு எவருக்கு உண்டு?