வெட்டிய கட்டியைக் குப்பையில் எறியலாமா?

உடம்பில் ஒரு கட்டி வருகிறது. கையில் வரலாம். தொடையில் வரலாம். முதுகிலும் வரலாம். வலி இல்லை. ஆகவே, "வலிக்காத கட்டிக்கு வைத்தியம் எதற்கு?" என்று பலர் சும்மா இருந்து விடுகிறார்கள். சிலர் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சிலர் சூடு போடுகிறார்கள். இன்னும் சிலர் அதை அறுத்து எடுத்துவிட்டு, "தொல்லை ஒழிந்தது" என்று வீடு திரும்புகிறார்கள்.

அறுத்த கட்டி எங்கே போயிற்று? குப்பைக் கூடைக்கு!

இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

எல்லாக் கட்டியும் புற்று அல்ல

கட்டி என்றதும் நடுங்க வேண்டியதில்லை. தோலுக்கு அடியில் வரும் கட்டிகளில் பல வெறும் கொழுப்புக் கட்டிகள். அவற்றால் உயிருக்குக் கேடு இல்லை. ஆனால், அவற்றைப் போலவே வேஷம் போட்டு வரும் புற்றுக் கட்டிகளும் உண்டு. அவற்றில் மிக அரிய ஒன்றைப் பார்ப்போம்.

நமக்கு எப்படி வியர்க்கிறது? தோலில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சில உயிரணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. அவை தசையைப் போலச் சுருங்கும். சுரப்பியைப் பிழியும். வியர்வை வெளியே வரும். வாயில் எச்சில் ஊறுவதற்கும், தாயின் மார்பில் பால் சுரந்து வருவதற்கும் இதே வகை அணுக்கள் உதவுகின்றன. டாக்டர்கள் இவற்றை 'மயோ எபிதீலியல்' அணுக்கள் என்கிறார்கள்.

இந்த வகை அணுக்களால் ஆன புற்று தோலிலும் வரும். சுரப்பியே இல்லாத கை, கால் சதைக்குள்ளும் வரும். இது தொற்று நோய் அல்ல.

3 வயதிலும் வரும்

அமெரிக்காவில் பாஸ்டன் நகர டாக்டர்கள் ஹார்னிக், பிளெட்சர் இருவரும் 2003-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சதையில் இந்த வகைக் கட்டி வந்த 101 பேரைப் பற்றியது அது. அவர்களில் 3 வயதுக் குழந்தையும் உண்டு. 83 வயது முதியவரும் உண்டு! கட்டி கொடிய வகையாக இருந்தவர்களில், 100-க்கு சுமார் 40 பேருக்கு அதே இடத்தில் மீண்டும் முளைத்தது. சுமார் 30 பேருக்கு உடம்பின் வேறு பகுதிகளுக்கும் பரவியது.

கண்ணால் பார்த்தோ, கையால் தொட்டோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. சதைத் துண்டுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். குப்பைக்குப் போன கட்டியை யார் பார்ப்பது?

முதல் ஆபரேஷன் முக்கியம்

புற்றுக் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாது. சுற்றியுள்ள நல்ல சதையிலும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும். களையைக் கிள்ளினால் மறுபடியும் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால்தான் ஒழியும். அரைகுறையாக வெட்டினால் அடுத்த ஆபரேஷன் பெரிதாகிவிடும்.

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். முறைப்படி ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. சோதிக்காமல் இருப்பதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

"செலவாகுமே" என்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்தச் சோதனைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

கட்டி வளர்கிறதா? 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? ஆழத்தில் இருக்கிறதா? எடுத்த இடத்தில் மறுபடியும் வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கட்டியை எடுக்கும் டாக்டர், அதைச் சோதனைக்கு அனுப்புவதைக் கடமையாகக் கொள்ள வேண்டும். "சோதனைக்கு அனுப்பினீர்களா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சோதனை முடிவுத் தாளை, வீட்டுப் பத்திரத்தைப் போலப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வீட்டுப் பத்திரம் தொலைந்தால் நகல் வாங்கிக் கொள்ளலாம். குப்பையில் எறிந்த கட்டிக்கு நகல் கிடையாது!