கேட்கப் பயிலுதல்

உடல் நோயுற்றார் மருத்துவச் சாலைக்குச் சென்றால், ஆங்கே தலைமை மருத்துவரின் பின்னே குறிப்பேடும் கையுமாக இளைஞர் சிலர் சூழ்ந்து நிற்றலைக் காண்கின்றனர். அவர்கள் மாணவர் என்பது நோயாளிக்குத் தெரியும். அவருள் ஒருவர் நாடி பார்க்க வரின், சிறிது முகஞ்சுளித்தாலும் கையை நீட்டிவிடுகின்றார். உள்ளத்தில் துன்பமுற்றார் நிலை வேறு. பெற்ற தாய்க்கும் சொல்லாத ஒன்றை அவர் வாய்திறந்து சொல்லவேண்டும். அதனை இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்லுதல் தகுமா? தகும் என்பதே எம் கருத்து. ஆயினும், அதற்கு வேண்டிய காவல்கள் சில உள; இப்பயிற்சி நன்கு நடைபெறும் இடங்களிற்கூட அவை முழுதும் நிறைவேறவில்லை என்பதும் எம் கருத்து.

இவ்வினா எமக்கு எழுந்த வரலாற்றை முதற்கண் கூறுதும். நம் கல்லூரியிற் பயின்று, இப்பொழுது அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் மேற்படிப்புப் படித்துவரும் மூத்த மாணவர் ஒருவர், சென்ற டிசம்பர் மாதம் ஊர் வந்திருந்தார். நம் விடுதியில் கிறிஸ்துமஸ் விழா நடந்த இரவு எம்முடனே தங்கினார். பேச்சுவாக்கில், தாம் அந்நாட்டிற்குச் சென்ற முதல் ஆண்டிற் பட்ட பாட்டைச் சொன்னார். (அவர் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். பெயரும் ஊரும் வேண்டா என்றார், விட்டோம்.) குளிர்காலம் தொடங்கியதும் உறக்கம் போயிற்று, பின்னர் உணவு வேண்டாதாயிற்று, புத்தகத்தைத் திறந்தால் எழுத்துத் தெரியும், பொருள் ஏறாது. அறைத்தோழர் ஒருவர் வற்புறுத்தவே, பல்கலைக்கழகத்தின் ஆலோசனை நிலையத்திற்குச் சென்றார்.

அங்கே கையொப்பமிடக் கொடுத்த தாள்களுள் நான்காம் பக்கத்தில், தம்மைக் காணப்போகின்றவர் உளநூலில் டாக்டர் பட்டத்திற்குப் படிக்கும் மாணவி என்றும், சந்திப்புகள் ஒளிப்பதிவு செய்யப்படும் என்றும், அப்பதிவினை அம்மாணவியின் மேற்பார்வையாளர் பார்ப்பார் என்றும் எழுதியிருந்தது. "எனக்குச் சினமே வந்தது, தம்பி. நானும் மாணவன், அவரும் மாணவி. இதில் யார் யாருக்கு வழி சொல்வது?" என்றார். வேறொருவரைக் காணலாமா என்று வினவியதற்குச் சில வாரங்கள் காத்திருக்க நேரும் என்றனராம். காத்திருக்கும் நிலையில் அவர் இல்லை. உள்ளே சென்றார்.

முதற் சந்திப்பில், தமக்கு நேர்ந்தது இன்னதென ஆங்கிலத்தில் எடுத்துரைக்க முயன்று, சொல் அகப்படாமல், "ஏக்கம்" என்று தமிழிலே சொல்லிவிட்டாராம். அம்மாணவி தலையசைத்துவிட்டு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உறங்குகின்றீர் என்று அடுத்த கேள்விக்குச் சென்றார். இரண்டாம் சந்திப்பிலோ அவர் தொடங்கியவாறே வேறு. "சென்ற வாரம் உங்கள் மொழியில் ஒரு சொல் சொன்னீர்கள். நான் நில்லாமல் கடந்துவிட்டேன். என் மேற்பார்வையாளரும் நானும் பதிவைப் பார்த்தபொழுது, அவர் அவ்விடத்தில் நிறுத்தி, அது என்ன சொல் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இன்று சொல்வீர்களா?" என்றாராம்.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடம் மிகவும் சுவையாயிருந்தது. ஏக்கம் என்பதற்கு ஆங்கில அகராதி தரும் சொல் ஒவ்வொன்றும் அதன் ஒரு பக்கத்தையே தொடுகின்றது. தாய் ஊருக்குப் போயிருக்கக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், "ஏக்கத்தில் வந்தது" என்று நம் பாட்டிமார் சொல்வர். உள்ளத்தில் தொடங்கி உடம்பில் இறங்குவது அது. இதனையெல்லாம் நம் மூத்த மாணவர் அந்த அயல்நாட்டுப் பெண்ணுக்கு விளக்க ஏறக்குறைய அம்மணி நேரம் முழுதும் சென்றது. பாட்டியார் இறந்தபொழுது தாம் ஊர்செல்ல இயலாதிருந்ததைத் தம்மையும் அறியாமல் அவ்விளக்கத்தினூடே சொல்லிவிட்டார். அதுவரை அதனை அவர் எவரிடமும் சொன்னதில்லை. அன்றிரவு நன்றாக உறங்கினீரோ என்று யாம் கேட்டோம். "அன்றிரவு இல்லை, அழுதேன். உறக்கம் வரப் பிறகும் ஒரு மாதம் ஆயிற்று," என்றார்.

பட்டமும் அனுபவமும் நிறைந்த ஒருவர் தனித்திருந்து கேட்டிருந்தாலும் அச்சொல்லைக் கடந்து சென்றிருத்தல் கூடும். கடந்து சென்றது அவருக்கே தெரியாது, தெரிவிப்பாரும் இல்லை. அம்மாணவி பயில்வோராயிருந்ததனாலேயே அவருக்குப் பின்னே இன்னொரு செவி இருந்தது. எம் கருத்துக்கு ஆதாரம் இதுவே.

நிற்க. இம்முறை வந்த வழியைச் சிறிது நோக்குவோம். உளநூற்கெனப் பல்கலைக்கழகம் ஒன்றில் நோயாளரைப் பார்க்கும் நிலையத்தை 1896-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் நிறுவியவர் லைட்னர் விட்மர். படிப்பில் இடர்ப்பட்ட சிறார்களே அங்குப் பெரிதும் வந்தனர். 1920-இல் பெர்லின் நகரில் பிராய்டின் வழியினர் திறந்த நிலையத்திலும், பயில்வோர் மூத்தவரின் கண்காணிப்பில் நோயாளரைக் கண்டனர். ஆயின், பயில்வோர் அறையில் நிகழ்ந்ததை நினைவிலிருந்து வந்து சொல்ல, அதனைக் கேட்டே மூத்தவர் திருத்தினார். சொல்லாமல் விட்டதைத் திருத்துவது எங்ஙனம்?

இக்குறையை நீக்க வழிகண்டவருள் முதன்மையானவர் கார்ல் ராஜர்ஸ். சமயக் கல்விச்சாலையில் இரண்டாண்டு பயின்றபின் உளநூலுக்குத் திரும்பிய அவர், 1940-இல் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பட்டப்படிப்பு மாணவர் தாமே துன்புற்றாரைச் சந்தித்துப் பயிலும் வகுப்பினை ஆங்கு நடத்தினார். அறையில் ஓர் ஒலிவாங்கி வைத்து, பேசியதை வெற்று இசைத்தட்டுகளிற் பதியச் செய்தார். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களே கொள்ளும். ஆதலின் இரண்டு பொறிகளை மாறி மாறி ஓட்டவேண்டியிருந்தது. கட்டிய காசெல்லாம் தட்டுக்கே போயிருக்கும் என்று தோன்றுகின்றது! இவ்வாறு பதிந்தவற்றுள், ஹெர்பர்ட் பிரையன் என்று புனைபெயரிட்ட ஒருவரின் எட்டுச் சந்திப்புகளையும் சொல்லுக்குச் சொல் 1942-இல் தம் நூலிலே அச்சிட்டார். அவ்வறைகளுள் நடப்பதை உலகம் முழுமையாகப் படித்தது அப்பொழுதே எனலாம். அவருடன் இப்பதிவு வேலையில் ஈடுபட்ட கவ்னர் என்னும் ஆராய்ச்சியாளர், ஆலோசகர் நினைவிலிருந்து எழுதிய குறிப்புகளைத் தட்டுகளோடு ஒப்புநோக்கி 1944-இல் வெளியிட்டார். எழுதியது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எழுதாமல் விட்டதோ எழுதியதைக் காட்டிலும் மிகுதி. இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. மறத்தல் மக்கள் இயல்பு.

ராஜர்ஸ் 1945-இல் சிகாகோப் பல்கலைக்கழகம் சென்று ஆலோசனை நிலையம் ஒன்றை நிறுவினார். போரிலிருந்து மீண்ட வீரர் பலர்க்கு உளமருத்துவம் வேண்டியிருந்த காலம் அது, ஆளோ போதாது. 1949-இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிற் கூடிய மாநாடு, உளநூல் மருத்துவர் ஆராய்ச்சியிலும் செய்முறையிலும் ஒருங்கே பயிலவேண்டும் என்று முடிவு செய்தது. இன்று அந்நாட்டில் டாக்டர் பட்டம் பெற விரும்புவோர், இறுதியிலே ஓராண்டு முழுநேரப் பயிற்சிக்குச் செல்லுமுன், பல்கலைக்கழக ஆலோசனை நிலையம் போன்ற இடங்களில் ஆகஸ்டு முதல் மே வரை வாரத்திற் சில நாட்கள் இவ்வாறு பழகுகின்றனர். அவர் எழுதும் குறிப்பில் மேற்பார்வையாளரும் கையொப்பமிடுகின்றார்.

அஃதாயின் குறை யாது எனின், முதலாவது அந்த நான்காம் பக்கம். அமெரிக்க உளநூற் கழகத்தின் ஒழுக்க விதிகள், பயில்வோர் ஆலோசகராக இருப்பின், அவர் பயில்வோர் என்பதையும் மேற்பார்வையாளரின் பெயரையும் வருவோர்க்கு அறிவித்தல் வேண்டும் என்கின்றன. பதிவு செய்யுமுன் இசைவு பெறவேண்டும் என்றும் கூறுகின்றன. அவ்விதி ஆங்கு மீறப்படவில்லை. ஆயினும், மூன்று நாள் உறங்காதவர் நான்கு பக்கம் படிப்பாரா? நம் மூத்த மாணவர் படித்தது அவர் இயல்பு. தேர்வுத்தாளையும் இருமுறை படிப்பவர். படியாமற் கையொப்பமிட்டுப் பின்னர் அறிந்தவர், ஏமாற்றப்பட்டோம் என்று எண்ணினால் அவரைக் குறைகூற முடியாது. "நான் படித்துக்கொண்டிருப்பவள், நாம் பேசுவதை என் ஆசிரியரும் கேட்பார், எதற்காகவென்றால்..." என்று முதல் ஐந்து நிமிடத்தில் வாயாற் சொல்லுதலே முறை. இதைச் சொன்னால் வந்தவர் எழுந்து போய்விடுவர் என்று அஞ்சுவாரும் உளர் போலும். எழுந்து போக விரும்புவார் போகட்டும். அவர்க்கு வேறொருவரைக் காட்டவேண்டியது நிலையத்தின் கடன்.

மேற்பார்வையாளரின் நேரம் பற்றியும் ஒரு சொல். வாரத்தில் ஒருமணி நேரம் ஒதுக்கினால் எல்லாம் முடிந்தது என்று இருத்தலாகாது. 1969-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் நிகழ்ந்தது ஈண்டு நினைத்தற்குரியது. இந்தியாவிலிருந்து சென்று பயின்ற மாணவர் ஒருவர், ஓர் இளம்பெண்ணைக் கொல்ல எண்ணியிருத்தலைப் பல்கலைக்கழக மருத்துவமனையின் உளநூலாரிடம் சொன்னார். உளநூலார் பல்கலைக்கழகக் காவலர்க்கு அறிவித்தார். காவலர் அம்மாணவரைப் பிடித்து வினவி விட்டுவிட்டனர். பெண்ணுக்கோ பெற்றோர்க்கோ ஒருவரும் சொல்லவில்லை. அக்டோபரில் அப்பெண் கொலையுண்டாள். மறை காத்தல், பிறர் உயிருக்கு இடர் வருமிடத்தில் முடிவடைகின்றது என்னும் கருத்துப்பட அம்மாநில உச்சநீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. அவ்வுளநூலார் பயில்வோரல்லர், முழுத் தகுதியும் உடையவர். அத்தகையாரே தடுமாறும் வேளையில், இருபத்துநான்கு வயதுப் பயில்வோர் ஒருவர் யாது செய்வார்? அடுத்த வியாழக்கிழமை ஆசிரியரைக் காணும்வரை அச்சொல்லை மடியிற் கட்டிக்கொண்டு இருப்பதா? பயில்வோர் அறையிலிருக்கும் நேரமெல்லாம் மேற்பார்வையாளர் ஒருவர் கூப்பிடுந் தொலைவில் இருத்தல் வேண்டும். செலவாகும் என்பர். பயில்வோருட் பலர் ஊதியமின்றியே உழைக்கின்றனர். அவ்வகையில் மிச்சமாகும் காசை இதற்குச் செலவிட்டால் என்ன?

இவையெல்லாவற்றினும் பெரிதாக எமக்குத் தோன்றுவது பிரிவு. பயில்வோரின் ஆண்டு மே மாதத்தில் முடிகின்றது; வருவோரின் துன்பம் கல்வியாண்டைப் பார்த்து முடிவதில்லை. நம் மூத்த மாணவர்க்கு ஏப்ரல் மாதத்திலேதான், இன்னும் மூன்று சந்திப்பே உள்ளது என்று தெரிவித்தனர். வீட்டைப் பிரிந்த ஏக்கத்துக்கு மருந்து தேடிச் சென்றவர்க்கு, அம்மருந்தும் ஒரு பிரிவாய் முடிந்தது. "அந்தப் பெண்ணும் வருந்தினார், தம்பி. முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் அது முதல் ஆண்டு," என்றார். மே மாதத்திற் செல்வோர் என்பதை அக்டோபரிலேயே சொல்லிவிடல் அரிதன்று. பின்னர் எவரிடம் செல்வது என்பதை, கடைசி வாரத்திற்கு விடாமல் முன்னரே கலந்து பேசுதலும் அரிதன்று. இவை பாடநூலில் இல்லாதன அல்ல. ஆண்டிறுதிப் பரபரப்பில் நழுவுவன. பயில்வோர்க்குத் துன்பந் தொடங்கும் வகையைக் கற்பிக்கும் ஊக்கத்தில் பாதியேனும், விடைபெறும் வகையைக் கற்பிப்பதிற் காட்டலாம் என்போம்.

இத்துணைக் குறை கூறியபின்னும், மீண்டும் அந்நிலை நேரின் பயில்வோரிடமே செல்வீரா என்று அவரை வினவினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். விடுதி முற்றத்தில் விண்மீன் விளக்கு காற்றிலே ஆடிக்கொண்டிருந்தது. "செல்வேன். ஆனால் மேற்பார்வையாளர் யார் என்று முதலிற் கேட்பேன்," என்றார். பின்னர், ஆண்டு முடிந்ததும் ஒளிப்பதிவுகளை அழித்துவிடுவது அந்நிலையத்தின் வழக்கம் என்றும், தம்முடைய பதிவும் இந்நேரம் அழிந்திருக்கும் என்றும் சொன்னார். அது நன்றுதானே என்றோம். "நன்றுதான். ஆனாலும் பாட்டியைப் பற்றி அவ்வளவு நேரம் நான் பேசியது அன்று ஒருமுறைதான்," என்றார்.