நாய்க்குப் பள்ளிக்கூடம்: சந்தாப் பணம் வீண் செலவா?

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வால் எப்படியோ போகட்டும். நாயை "உட்கார்" என்றால் உட்காரவும், "வா" என்றால் வரவும் பழக்க முடியும். அமெரிக்காவில் இதற்கென்றே பல ஊர்களில் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் அங்கத்தினர் உண்டு. ஆண்டுச் சந்தா உண்டு. கூட்டமும் தேர்தலும் உண்டு.

"போயும் போயும் ஒரு நாய்க்கு இத்தனை செலவா?" என்று கேட்பவர்கள் அந்த நாட்டிலும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பணத்தை எண்ணிச் செலவிடும் குடும்பம் எந்த நாட்டில் இருந்தாலும் அப்படித்தான் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எட்டு நாய்களுடன் தொடக்கம்

ஹெலீன் வாக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி பூடில் ஜாதி நாய்களை வளர்த்து வந்தார். மயிரை விதவிதமாகக் கத்தரித்து அழகு பார்க்கும் நாய் அது. "மடியில் வைத்துக் கொஞ்சத்தான் லாயக்கு" என்று பலர் கேலி பேசினார்கள். அவற்றுக்கும் அறிவு உண்டு என்று காட்ட அவர் விரும்பினார். இங்கிலாந்தில் அப்போது நாய்களின் கீழ்ப்படிதலைச் சோதிக்கும் போட்டிகள் நடந்துவந்தன. அதே மாதிரிப் போட்டி ஒன்றை 1933-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில், மவுண்ட் கிஸ்கோ என்ற இடத்தில், தம் தந்தையின் பண்ணையில் நடத்தினார். அதற்கு வந்தவை எட்டே நாய்கள்.

மூன்றே ஆண்டில், 1936-ல், அமெரிக்கன் கென்னல் கிளப் இந்தப் போட்டிகளை அங்கீகரித்தது. 1937-ல் ஹெலீன் வாக்கரும், அவருடைய உதவியாளர் பிளான்ச் சாண்டர்ஸும் காருக்குப் பின்னால் ஒரு வண்டியைப் பூட்டிக்கொண்டு, பூடில் நாய்களுடன் புறப்பட்டார்கள். சுமார் 10,000 மைல் சுற்றினார்கள். போன இடமெல்லாம் நாய்களை விட்டு வேடிக்கை காட்டினார்கள். பார்த்தவர்கள் "நம் வீட்டு நாய்க்கும் இது வருமே!" என்று நினைத்தார்கள். சங்கங்கள் பெருகின.

இதில் ஒரு விந்தை உண்டு. அமெரிக்கன் கென்னல் கிளப் 1884-ல் பிறந்தது. அதில் தனி மனிதர் அங்கத்தினர் ஆக முடியாது. ஊர்ச் சங்கங்கள்தான் அங்கத்தினர்கள். சங்கங்கள் பிரதிநிதிகளை அனுப்பும். அந்தப் பிரதிநிதி நாற்காலியில் 1974 வரை பெண்களை உட்காரவிடவில்லை! நாய்ப் பயிற்சியை நாடு முழுவதும் பரப்பியவர்கள் இரண்டு பெண்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அநியாயம் புரியும்.

பணம் எவ்வளவு?

செலவில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, வகுப்புக் கட்டணம். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று ஆறு அல்லது எட்டு வாரம் வகுப்பு நடக்கும். இதற்குப் பல ஊர்களில் 100 டாலரிலிருந்து 200 டாலர் வரை ஆகிறது. வகுப்பில் சேருவதற்கு அங்கத்தினராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

இன்னொன்று, அங்கத்தினர் சந்தா. இது பல சங்கங்களில் ஆண்டுக்குச் சில பத்து டாலர்கள்தான். ஆனால், பணத்தைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. ஏற்கனவே அங்கத்தினராக உள்ளவர்கள் சிபாரிசு செய்யவேண்டும். சில கூட்டங்களுக்கு வந்து முகம் காட்டவேண்டும். போட்டி நடக்கும் நாளில் பாய் விரிக்க வேண்டும். தடுப்பு நிறுத்த வேண்டும். மேஜை தூக்க வேண்டும். உடலால் உழைப்பதும் சந்தாவில் சேர்த்திதான்.

இதற்குப் பதிலாக அங்கத்தினருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. பயிற்சிக் கூடத்தைப் பழகுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அனுபவம் உள்ளவர்களிடம் யோசனை கேட்கலாம். உதாரணமாக, வகுப்புக்கு 150 டாலர், அங்கத்தினருக்குப் பாதி, சந்தா 40 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு வகுப்பில் சேர்ந்தாலே சந்தாவுக்கு மேல் 35 டாலர் மிச்சம். வகுப்பே வேண்டாம் என்பவருக்கோ 40 டாலரும் நஷ்டம்.

தனியாக ஆசிரியர் வைத்தால் ஒரு மணிக்கே 100 டாலர் வரை கேட்பவர்கள் உண்டு. நாயை வாரக்கணக்கில் தங்கவைத்துப் பழக்கித் தருகிறோம் என்பவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். சங்கங்களில் அவ்வளவு ஆகாததற்குக் காரணம் எளியது. அவை லாபத்துக்காக நடப்பவை அல்ல. கற்றுக்கொடுப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத அங்கத்தினர்கள்.

பாடம் யாருக்கு?

வகுப்பைப் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். அங்கே பாடம் படிப்பது நாய் அல்ல, நாயைப் பிடித்திருப்பவர்!

எந்த நேரத்தில் பாராட்ட வேண்டும், எந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்ல வேண்டும், கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அவருக்குத்தான் சொல்லித் தருகிறார்கள். நாய் உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே தின்பண்டம் கொடுத்தால் அதற்குப் புரியும். கொஞ்சம் தாமதித்து, அது எழுந்த பிறகு கொடுத்தால், எழுந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். வீட்டில் அப்பா "இறங்கு" என்று அதட்டும்போது பிள்ளை "ஏறு" என்று கொஞ்சினால், எந்த நாய்க்கும் பாடம் ஏறாது.

ஆறு வாரத்துக்கு வகுப்பில் கழிவது ஆறு மணி நேரம். வீட்டில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் பழக்கினால், அதே ஆறு வாரத்தில் 14 மணி நேரம் ஆகிறது. ஆகவே பாடத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் சும்மா இருப்பவருக்குச் சந்தா நிச்சயம் வீண்தான்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

"உட்கார், எழுந்திரு என்று பழக்குவது பணக்காரர் பொழுதுபோக்கு" என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 2024-ல் மட்டும் காப்பகங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன. அவற்றில் நோயாளி நாய்களும் உண்டு. வளர்த்தவர்களே கொண்டுவந்து விட்டுப் போன நாய்களும் உண்டு.

நாயைக் காப்பகத்தில் தள்ளிவிடுவது ஏன் என்று 1996-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கீழ்ப்படிதல் வகுப்புக்குப் போகாத நாய்கள் கைவிடப்படும் அபாயம் அதிகம் என்று அதில் தெரிந்தது. வகுப்புக்குப் போகிறவர்கள் முதலிலிருந்தே நாயின் மேல் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம். ஆகவே எல்லாப் புகழும் வகுப்புக்கே என்று சொல்ல முடியாது. ஆயினும், மூன்று வயதுக்குட்பட்ட நாய்களின் உயிரை அதிகம் பறிப்பது தொற்றுநோய் அல்ல, கெட்ட பழக்கங்களே என்று அந்நாட்டு மிருக வைத்தியர்களின் சங்கம் ஒன்றும் 2008-ல் எச்சரித்திருக்கிறது.

மனிதர்களின் கதையும் உண்டு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் பேர் நாய்க்கடி படுகிறார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் குழந்தைகளே ஏராளம். கூப்பிட்டால் திரும்பி வரும் நாய், தெருவில் போகும் குழந்தைக்கும் பாதுகாப்பு. வண்டியில் அடிபடாமல் தனக்கும் பாதுகாப்பு.

150 டாலர் கட்டணத்தை நாயின் பன்னிரண்டு ஆண்டு ஆயுளுக்குப் பங்கிட்டால், மாதத்துக்கு ஒரு டாலர்தான் வருகிறது!

சேருமுன் கவனியுங்கள்

எல்லாச் சங்கமும் ஒன்றல்ல. ஒரு காலத்தில், கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டி இழுத்துத்தான் நாயைப் பழக்கினார்கள். தவறு செய்தால் தண்டனை, அதுதான் பாடம். இன்று நிலைமை மாறியிருக்கிறது. சரியாகச் செய்தால் பரிசு கொடுப்பதே நல்ல முறை என்று, அதே மிருக வைத்தியர் சங்கம் 2021-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பயந்த நாய் பணிந்ததுபோல் தெரியும், ஒருநாள் கடித்துவிடும்.

ஆகவே சேர நினைப்பவர், முதலில் நாயை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வகுப்பைப் போய்ப் பார்க்கட்டும். நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வருகின்றனவா, வாலைச் சுருட்டிக்கொண்டு வருகின்றனவா? ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் வந்து பேசுகிறாரா? "வந்து பார்க்கக் கூடாது" என்று தடுக்கும் இடத்தில் சேரவே வேண்டாம்.

முதலில் வகுப்பு, பிறகுதான் சந்தா என்பது நல்ல விதி. ஒரு வகுப்பு முடிந்த பின்னும் ஆசை இருந்தால், தொடர்ந்து பழக்க நேரம் இருந்தால், அங்கத்தினராகலாம். பட்டமும் பதக்கமும் வேண்டும் என்பவருக்குச் சங்கம் அவசியம். போட்டியில் மொத்தம் 200 மதிப்பெண். குறைந்தது 170 வாங்க வேண்டும். மூன்று போட்டிகளில் அப்படித் தேறினால்தான் முதல் பட்டம். அதற்குப் பழக இடமும் துணையும் வேண்டும். வீட்டில் ஒழுங்காக இருந்தால் போதும் என்பவருக்கு, 1989-ல் தொடங்கிய "நல்ல குடிமகன்" சோதனையே போதும். அதில் பத்துப் பரீட்சைகள். எந்த ஜாதி நாயும் எழுதலாம்!

ஏழை வீட்டு நாய்

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கலப்பு ஜாதி நாய்களுக்கு அமெரிக்கன் கென்னல் கிளப்பின் கீழ்ப்படிதல் போட்டிகளில் 2010-ல்தான் கதவு திறந்தது. வசதி இல்லாதவர்களுக்கும் இனி கதவு திறக்க வேண்டும். 150 டாலர் சிலருக்குச் சில்லறைக் காசு. வேறு சிலருக்கோ அது ஒரு வாரச் சாப்பாடு. பணம் இல்லாத வீட்டு நாய்தான் பழக்கமின்றி வளர்கிறது; அதுதான் காப்பகத்துக்குப் போகிறது. வகுப்புக்கு இரண்டு இடமாவது இலவசமாக ஒதுக்கினால் சங்கம் முழுகிவிடாது. பணத்துக்குப் பதில் உழைப்பைச் சந்தாவாக ஏற்றுக்கொள்ளலாம். பாய் விரிக்கவும் மேஜை தூக்கவும் ஆள் தேவைதானே!

நாய் வேண்டுமென்று கேட்டு வந்ததில்லை. மனிதன்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். கொண்டுவந்தவன் சோறு போட்டால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. மனிதரோடு வாழும் விதத்தையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்து கற்றுக்கொடுக்கலாம்; சேராமலும் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம்.