பேணியும் நாவும்

மனிதன் யார் என்னும் வினாவுக்கு விடை தேடி நம் இலக்கியக் கூட்டங்களில் நெடுநேரம் பேசுகின்றோம். எனக்கோ யாழ்ப்பாணத்துப் பழைய தேநீர்க்கடைகளே நினைவுக்கு வருகின்றன. சிலருக்கு மூக்குப்பேணி; வேறு சிலருக்குப் போத்தல் அல்லது தகரப்பேணி. இரண்டிலும் ஊற்றியது ஒரே அடுப்பிற் கொதித்த நீர்தான்!

சாதியைக் காட்டிக் கடையிலும் கோயிலிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே விடக் கோரி மக்கள் போராட வேண்டியிருந்தது.

கடைகளிற் பேணி ஒன்றாயிற்று. நாவோ? நரைத்த முதியவரை நேற்றுப் பிறந்த சிறுவன் பெயர் சொல்லி, 'நீ' என விளிப்பதை நம் முற்றங்களில் நான் கேட்டிருக்கின்றேன். அதே சிறுவன் மரியாதைப் பன்மை பற்றிய வினாவுக்குப் பிழையின்றி விடை எழுதுவான்; முழுப்புள்ளியும் பெறுவான். ஆசிரியர் கற்பித்தது போதாதென்று கூறேன். வீட்டார் அவரினும் நன்றாகக் கற்பித்துவிட்டனர், அவ்வளவே.

அந்த முற்றத்துக்குள் சட்டம் நுழைவதில்லை. ஆசிரியர் நுழையலாம். 'நீங்கள்' என்று யார் யாரை அழைக்கின்றாய் என அம்மாணவனை எழுதச் சொல்லட்டும்; எழுதி முடித்தபின், விடுபட்டவர் யாரென்றும் கேட்கட்டும்.