முதல் இடியப்பம்

பரந்தன் சந்தியில் நான் வழமையாகக் காலைச் சாப்பாடு சாப்பிடுகிற கடையில் இந்த வாரம் ஒரு மட்டை தொங்குகிறது: 'நாய்களுக்குச் சாப்பாடு போட வேண்டாம்.' கண்ட நேரம் முதல் எனக்கு மனம் ஆறவில்லை. முதலாளியிடம் கேட்டேன். "என்ன அண்ணை செய்யிறது, முல்லைத்தீவு பஸ்ஸால இறங்கிற சனம் நாயைக் கண்டிட்டு அடுத்த கடைக்குப் போகுது" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இடியப்பச் சட்டி திறக்கிற நேரம் பார்த்து வாசலில் வந்து நிற்கிற செவலை நாயின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஓகஸ்ட் 11இல், டில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஓகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள்: கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள்; கண்ட இடத்தில் சாப்பாடு போடாமல், வட்டாரத்துக்கு வட்டாரம் அதற்கென்று இடம் ஒதுக்குங்கள். விசர் பிடித்த நாய்களுக்கும் கடித்துக் குதறுகிறவைக்கும் மட்டும் விலக்கு. இந்த வாரம் அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் எழுத இருந்தேன். எங்கள் பிரதேச சபைகளும் அப்படி இடம் ஒதுக்கலாம். தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது 2006 முதல் இலங்கை அரசின் கொள்கை. கொல்லாமல் விட்டோம். அவை எதைத் தின்று உயிர் வாழும் என்று யோசிக்காமலும் விட்டோம்.

மட்டையை விட என்னைக் கூடுதலாக அலைக்கழித்தது கனடாவிலிருந்து வந்திருந்த மருமகள் சொன்னது. "மாமா, மனுசச் சாப்பாடு நாய்க்குக் கூடாது. அதுக்கெண்டு சாப்பாடு இருக்கு." படித்த பிள்ளை, நாயில் அன்பு உள்ள பிள்ளை. ஆனால் அந்த 'அதுக்கெண்டு' சாப்பாட்டின் கதை என்ன? 1860களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கற் விற்கத் தொடங்கினார். துறைமுகத்தில் எறிந்த கப்பல் பிஸ்கற்றை நாய்கள் ஓடிவந்து தின்றதைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். நாய்க்கென்று விற்ற சாப்பாடும் மனிதன் எறிந்ததிலிருந்து வந்ததுதான்.

2013இல் சுவீடனின் எரிக் அக்செல்சனும் அவருடைய குழுவினரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாயிடம் நான்கிலிருந்து முப்பது வரை. பயிர் செய்கிற மனிதனின் அடுப்படியில் மிஞ்சியதைத் தின்று தின்றே நாயின் உடம்பு இப்படி மாறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைகிற மண்ணில் நின்றுகொண்டு, அரிசிமா இடியப்பம் நாய்க்கு அந்நியம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

கூடாதது இடியப்பத்தோடு சேர்ந்து போகிறவை. சம்பலிலும் சொதியிலும் கிடக்கிற வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். சின்ன வெங்காயமோ பம்பாய் வெங்காயமோ, வேறுபாடில்லை. அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. பதினைந்து கிலோ நாய்க்கு எழுபத்தைந்து கிராமே ஆபத்து. உடனே ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்துத்தான் முரசு வெளிறி, நாய் சோர்ந்து படுக்கும். உள்ளியும் அந்த இனந்தான். கண்டோஸ், முந்திரிகை வற்றல், சமைத்த கோழி எலும்பு, இவையும் வேண்டாம்.

நடேசனின் 'வாழும் சுவடுகள்' பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன், திரும்பவும் எழுதுகிறேன். எழுவைதீவில் பிறந்து, பேராதனையில் மிருக வைத்தியம் படித்து, மெல்பேர்ணில் தொழில் பார்த்தவர். வைத்தியத்துக்கு வந்த பிராணிகளை எழுதும்போது, அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர்களையும் சேர்த்தே எழுதினார். ஒருவர் தன் பூனையைப் பற்றிக் கவலைப்படுவதை வெட்கமில்லாமல் வாசிக்க எனக்குக் கற்றுத் தந்த புத்தகம் அது. எங்கள் எழுத்தில் போர் உண்டு, கடல் உண்டு, பனை உண்டு. படலையில் படுத்திருந்த நாய்க்கு இடம் குறைவு. அந்தக் குறை எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அந்தப் படலைகளை நாங்கள் விட்டுவிட்டுப் போனோம்.

2008 கடைசியில் இந்தச் சந்தியால்தான் சனம் கிழக்கே போனது. கூரைத் தகரமும் கதவும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று போய்க்கொண்டே இருந்தோம். பெட்டியில் நாய்களுக்கு இடமிருக்கவில்லை. சில பின்னால் ஓடி வந்தன. சில வளவை விட்டு அசையவேயில்லை. எங்கள் நாய் அசையாத நாய். புறப்படுகிற காலையில் அம்மா அவித்த புட்டு முழுவதையும் அதன் சட்டியில் கொட்டினார். எங்களுக்கென்று ஒரு பிடிகூட எடுத்து வைக்கவில்லை. அதற்கு அது பெரிய சாப்பாடு, ஒரு நேரத்துக்கு. 2009 ஜனவரி 1இல் பரந்தன் இராணுவத்தின் கைக்குப் போனது. பிறகு அந்த நாய்க்கு யார் சாப்பாடு வைத்தார்கள் என்று அம்மா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு மெனிக்பாம் முகாமில் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. வாகனம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றோம். அடுத்தவன் கையைப் பார்த்து நிற்கிற பசி எப்படி இருக்கும் என்று வன்னிச் சனத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திரும்பி வந்தபோது வளவு பற்றையாகக் கிடந்தது. எங்கள் நாய் இல்லை. சந்தியில் வேறு நாய்கள் நின்றன, மனிதரைக் கண்டதும் வாலாட்டிக்கொண்டு. ஆருடைய வளவில் வளர்ந்தவையோ. செவலை அவற்றின் வழி வந்ததாக இருக்கலாம். அந்த வாசலில் நான் அதை அந்நிய நாயாகப் பார்ப்பதில்லை.

விரத நாளில் காகத்துக்கு நாங்கள் எச்சில் வைப்பதில்லை. சாப்பிட முன்பே எடுத்து வைக்கிறோம். நாய்க்கு மட்டும் எல்லாம் பிசைந்து மிஞ்சியதைக் கொட்டுகிறோம், வெங்காயமும் எலும்புமாக. அதை மாற்றுங்கள். சொதி ஊற்ற முன்பே ஒரு வெறும் இடியப்பத்தை எடுத்து வையுங்கள். கடை வாசலில் போடாமல், பின்பக்கம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போடுங்கள். சனமும் பயப்படாது.

இதில் இன்னொரு பலனும் இருக்கிறது. 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். இப்போது அந்தத் தொகை மிகவும் குறைந்திருப்பதற்கு நாய்களுக்குப் போட்ட ஊசி பெரிய காரணம். கல்லெறிக்குப் பழகிய நாயை ஊசிக்குப் பிடிக்க முடியாது. கைச்சாப்பாட்டுக்குப் பழகிய நாய் கிட்ட வரும். சுகாதாரப் பகுதியினர் ஊசி போட வருகிற நாளில் சந்தி நாய்களைப் பிடித்துக் கொடுக்க நான் வருகிறேன். தினமும் சாப்பாடு வைக்கிறவர்களும் வாருங்கள். உங்கள் குரலுக்குத்தான் அவை நிற்கும்.