பேர் போடும் கணக்கும் பாதீட்டுக் கணக்கும்

எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த வட்டாரத்துத் தேயிலை மலைகளில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணிடம் அன்றைய கணக்கைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை கிலோ நிறுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள், விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா என்று உடனே சொல்லிவிடுவார். அவர் வாக்களித்து அனுப்பிய பாராளுமன்ற உறுப்பினரிடம் பாதீட்டின் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஆளுங்கட்சிக்காரரானால் 'வரலாற்றுச் சிறப்புமிக்கது' என்பார். எதிர்க்கட்சிக்காரரானால் 'மக்களை ஏமாற்றுவது' என்பார். இரண்டும் பாதீடு வாசிக்கப்படுமுன்பே எழுதி வைக்கப்பட்ட அறிக்கைகள். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இவற்றைத்தான் நானும் செய்தியாக்கினேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2025 நவம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த 2026ஆம் ஆண்டுக்கான பாதீட்டில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆகும் என்றும், அதற்கு மேல் வருகை ஊக்குவிப்பாக அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா கொடுக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. அரசின் பங்குக்கு 500 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. சம்பளம் கூடுவதை மனச்சாட்சியுள்ள எவரும் எதிர்க்கமாட்டார். ஆனால் கணக்குப் போட்டவர் எத்தனை பேர்?

500 கோடியை 200ஆல் வகுத்தால் இரண்டரைக் கோடி வேலைநாட்கள் வரும். ஒருவருக்கு ஆண்டில் 300 நாள் வேலை கிடைத்தால் அப்பணம் ஏறத்தாழ 83,000 பேருக்குப் போதும். 200 நாள்தான் கிடைக்குமென்றால் 125,000 பேருக்குப் போதும். எந்தக் கணிப்பின்மீது இத்தொகை நின்றது? அரைப்பேர் விழுந்த நாளுக்கு அந்த 200 ரூபா உண்டா? வெளியார் உற்பத்தி முறைக்கு மாற்றப்பட்டவர்கள் எந்தப் பட்டியலில் சேர்வார்கள்? தனியார் கம்பனிகள் கொடுக்கவேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பொதுப்பணம் எத்தனை ஆண்டுகள் சுமக்கும்? இவற்றுக்கான விடைகள், எந்தக் கட்சியையும் சாராத நிபுணர்களின் கையெழுத்தோடு, வாக்கெடுப்புக்கு முன்பே ஒவ்வோர் உறுப்பினரின் மேசைக்கும் வரவேண்டும் என்பதே என் வாதம்.

பொது நிதியின்மீது பாராளுமன்றத்துக்கு முழுக் கட்டுப்பாடு உண்டு என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. கணக்கை அறியாதவர் எதைக் கட்டுப்படுத்துவார்? 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென நாடு கைவிரித்தது. பொருளாதாரத்தைச் சீர்குலைத்தவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு, பசித்திருந்த வயிறுகளுக்குப் பின்னர்தான் வந்தது. கணக்கு அவற்றுக்கு முன்னரே வந்திருக்கலாம்.

'திறைசேரி இருக்கிறதே, கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறாரே' என்பவர்கள் உண்டு. கணக்காய்வாளர் செலவழிந்த பின் பார்ப்பவர். திறைசேரியோ பாதீட்டைத் தயாரிக்கும் தரப்பு. நிறுப்பவரும் எழுதுபவரும் ஒருவராகவே இருந்தால் கொழுந்துக் கணக்கு என்னவாகும் என்பது லயத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென 1974இல் சட்டமியற்றித் தனி அலுவலகம் ஒன்றை அமைத்தது. 2017இல் குடியரசுக் கட்சி கொண்டுவந்த சுகாதாரக் காப்புறுதிச் சட்டமூலத்தால் 2 கோடி 40 இலட்சம் பேர் காப்புறுதியை இழப்பார்கள் என்று அந்த அலுவலகம் மதிப்பிட்டது. அதன் பணிப்பாளரோ அதே கட்சியினர் தலைமை வகித்த காங்கிரஸால் நியமிக்கப்பட்டவர். நடுநிலை என்றால் அது.

நமக்கும் 2023இல் பாராளுமன்றப் பாதீட்டு அலுவலகச் சட்டம் கிடைத்தது. சட்டம் மட்டும் கணக்குப் போடாது. அலுவலகத்துக்குத் திறைசேரியின் தரவுகள் தடையின்றிக் கிடைக்க வேண்டும். உயர்பதவி ஆளுங்கட்சியின் பரிசாகக் கூடாது. அறிக்கைகள் வாக்கெடுப்புக்கு முன்னரே தமிழிலும் வெளிவர வேண்டும். எதிர்க்கட்சிகளின் வாக்குறுதிகளுக்கும் அதே தராசு வேண்டும்.

கணிப்புகள் பொய்க்காதா என்று கேட்கலாம். பொய்க்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது, பாதீடு இன்னும் நிறைவேறியிருக்கவில்லை. அதன் கணிப்புகளோ அதற்குள் பழையனவாகிவிட்டன. அத்தகைய வேளையில் மறுகணக்குப் போட்டு உண்மையைச் சொல்லத்தான் சார்பற்ற ஆள் தேவை.

அடுத்த பாதீட்டுக்கு மலையகப் பிரதிநிதிகள் கையுயர்த்துமுன் ஒன்று செய்யட்டும். அரைப்பேருக்கு 200 ரூபா உண்டா என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு வரட்டும்.